காப்பி காய்க்கும்வரை அடுப்பு எரிய வேண்டுமே!

ஏற்காட்டில் புதிதாகத் தோட்டம் போடும் குடும்பங்களுக்கு முதல் 4 வருஷத்துக்கான வழி

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்ததும் மூடுபனி, சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிய மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி. சேர்வராயன் மலைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்ததும், ‘இங்கேயே ஒண்ணு, ஒண்ணரை ஏக்கர்ல வீட்டைக் கட்டி, காப்பி வெச்சு, நாலு கோழி வளர்த்துக்கிட்டு இருந்துடலாம்போல இருக்கே’ என்று ஆசைப்படுவது சகஜம். மலையிலேயே பிறந்து, பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் வரும் இளம் தம்பதிக்கும் கேள்வி இதேதான். இந்தத் துண்டு நிலம் நம் குடும்பத்தைக் காப்பாற்றுமா?

காப்பாற்றும். ஆனால், எடுத்த எடுப்பில் காப்பியை நம்பக் கூடாது. அராபிகா காப்பி நாற்றை நட்டால் மூன்றாம் வருஷம் கொஞ்சம் காய் காட்டும். பணம் என்று கையில் எண்ணிப் பார்க்க நாலாம் வருஷம் ஆகிவிடும். மிளகும் நட்ட மூன்றாம் வருஷத்தில் தொடங்கி, 7, 8-ம் வருஷத்தில்தான் முழு மகசூலுக்கு வரும். அதுவரை வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைகளுக்கு நோட்டு, செருப்பு, மருந்து வாங்க வேண்டும். பூச்சியும் நோயும் வந்து சோதிப்பதற்கு முன்பே புதுக் குடும்பத்தைச் சோதிப்பது இந்த இடைவெளிதான். இதைத் தாண்டக் கடன் வாங்கினால், முதல் காப்பி அறுவடை வட்டிக்கே போய்விடும்.

மலையே காட்டும் பாடம்

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களும் ஒரு காலத்தில் இங்கே புதிதாக வந்தவர்கள்தான் என்கிறது அவர்களுடைய வாய்வழிக் கதை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், அதில் ஒருவர் வழிவந்தவர்களே சேர்வராயன் மலையில் இருப்பவர்கள் என்பது அந்தக் கதை. அவர்கள் முதலில் விதைத்தது சாமை, தினை, கேழ்வரகு. வீட்டுக்குச் சோறு, மாட்டுக்குத் தட்டை, அடுத்த பருவத்துக்கு விதை. மூன்றும் ஒரே நிலத்திலிருந்து வந்துவிடும்.

காப்பி அதற்கெல்லாம் பிறகு வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். ஆப்பிள், பேரி போன்ற பழ மரங்களையும் நட்டுப் பார்த்தார். பிறகு எஸ்டேட்டுகள் பெருகின. எஸ்டேட் முதலாளியால் 4 வருஷம் காத்திருக்க முடியும். செடி காய்க்கும்வரை சாப்பாட்டுக்கு அவர் அந்தச் செடியை எதிர்பார்க்கவில்லை. சிறு விவசாயிக்கு அந்த வசதி இல்லை. எனவே, சாமையை முதலில் விதைத்தவர்களின் வரிசைதான் நமக்குப் பொருந்தும்: முதலில் சோறு, அடுத்து சந்தை, கடைசியில் காப்பி.

நிலத்தில் கால் வைக்கும் முன்பு

வெளியிலிருந்து வந்து நிலம் வாங்குபவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பட்டா. அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்தை இஷ்டத்துக்கு வாங்கவோ, விற்கவோ முடியாது. பத்திரப் பதிவை மட்டும் நம்பாமல், அந்த நிலம் எப்படி வந்தது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இரண்டாவது, மரமும் கட்டடமும். மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். வீடு கட்டவும் சமவெளியைவிடக் கூடுதல் விதிகள் உண்டு.

மூன்றாவது, தண்ணீர். ஐப்பசியில் நிலம் பார்க்கப் போனால் எல்லா ஓடையிலும் தண்ணீர் ஓடும். பங்குனி, சித்திரையில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்த மாதங்களில் குடிக்க, சமைக்க, மாட்டுக்குக் காட்ட எங்கிருந்து தண்ணீர் வரும் என்பதற்குப் பதில் கிடைத்த பிறகே வீட்டுக்கு அஸ்திவாரம் போடலாம்.

கூரைத் தண்ணீரும் கைகொடுக்கும். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர். சிந்தியது, சிதறியது போக 800 லிட்டராவது தொட்டிக்கு வரும். கோடை மழை நாலு முறை பெய்தால்கூட காய்கறிப் பாத்திக்கு அது பெரிய உதவி.

ஒன்றரை ஏக்கர், நாலு வகை வருமானம்

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நிலம் 150 சென்ட். அதை இப்படிப் பிரிக்கலாம்:

வீடு, களம், கோழிக்கூண்டு, மாட்டுக்கொட்டகை – 10 சென்ட்
காய்கறி, கீரை, பந்தல் – 15 சென்ட்
சாமை அல்லது கேழ்வரகு, தீவனப்புல் – 25 சென்ட்
காப்பி, மிளகு, வாழை – 100 சென்ட்

இந்தப் பங்கீட்டில் தினமும், வாரத்துக்கு ஒரு முறையும், பருவத்துக்கு ஒரு முறையும், வருஷத்துக்கு ஒரு முறையும் ஏதோ ஒன்று கிடைக்கும். முட்டையும் பாலும் தினப்படி. கீரை, பீன்ஸ் வாராவாரம். சாமை, வாழை பருவத்துக்கு. காப்பி, மிளகு வருஷத்துக்கு. நாலில் எது இல்லாமல் போனாலும் அந்த இடத்தைக் கடன் நிரப்பும்.

செடி பீன்ஸ் விதைத்த 45 முதல் 50 நாளில் முதல் பறிப்புக்கு வந்துவிடும். ஒரே நாளில் எல்லாப் பாத்தியிலும் விதைக்காமல், 15 நாளுக்கு ஒரு பாத்தி என்று விதைத்தால் வாரம் தவறாமல் காய் இருக்கும். பந்தலில் சௌசௌ ஏற்றிவிட்டால் 5, 6 மாதத்தில் காய்க்கும். வீட்டுக் கழிவுநீர் பாயும் இடத்தில் நாலு வாழை, ஒரு பப்பாளி. வேலியோரம் முருங்கைக்கு இந்தக் குளிர் சரிப்படாது; அதற்குப் பதில் கல்யாண முருங்கை வைத்தால் மிளகு ஏற்றவும், தழை வெட்டவும் ஆகும்.

காப்பியை 6 அடிக்கு 6 அடி நட்டால் ஏக்கருக்கு சுமார் 1,210 செடிகள். முதல் வருஷமே அத்தனையையும் நட்டுவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் பாதியை நட்டு, மீதியை அடுத்த வருஷம் நடலாம். களையெடுக்க, மூடாக்குப் போட, செத்த செடிக்குப் பதில் நாற்று வைக்க வீட்டில் இருப்பதே இரண்டு ஜோடிக் கை. நட்டு விட்டுவிட்ட 1,200 செடியைவிடப் பிழைத்த 600 செடி மேல். இடையில் வாழை நட்டால் இளஞ்செடிக்கு நிழலும் ஆச்சு, இரண்டாம் வருஷம் தாரும் ஆச்சு.

மிளகை நிழல் மரங்களில் ஏற்றிவிடலாம். அதற்குத் தனி நிலம் வேண்டாம்.

விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை

புதுத் தோட்டத்தில் கணக்கில் எழுதாத கூலி, வீட்டுப் பெண்களின் வேலை. விடியற்காலையில் எழுந்து அடுப்பு, தண்ணீர், சாணம் அள்ளுவது, பால் கறப்பது, கோழியைத் திறந்துவிடுவது, பிள்ளைகளைக் கிளப்புவது என்று வெயில் ஏறும் முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். அதன் பிறகு பலருக்கு எஸ்டேட் கூலி வேலை. மாலையில் திரும்பினால் விறகு, புல், சமையல். ஆண் மட்டும் உட்கார்ந்து திட்டம் போட்டு, இருக்கிற வேலையோடு ஒரு மாட்டையும் ஐந்து ஆட்டையும் சேர்த்தால், அதைச் சுமப்பது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால், எதை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்யும்போது வீட்டம்மாவின் சொல்லுக்கு இடம் இருக்க வேண்டும். தினம் பறிக்கும் கீரை, கொத்தமல்லி, மிளகாய் எல்லாம் சமையல்கட்டுக் கதவிலிருந்து 20 அடிக்குள். கோழிக்கூண்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில். தண்ணீர்த் தொட்டி வீட்டுக்கு மேல்சரிவில் இருந்தால் குழாயில் தானாக இறங்கும். கீழ்சரிவில் இருந்தால் வாழ்நாள் முழுக்கக் குடம் சுமக்க வேண்டும். மலைச்சரிவில் ஒரு குடம் தண்ணீரோடு 50 அடி ஏறுவது, சமவெளியில் 200 அடி நடப்பதைவிடக் களைப்பு.

பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. முட்டை பொறுக்குவது, கோழிக்குத் தீனி வைப்பது, நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது ஆகியவை படிக்கிற வயதுக்கு ஏற்றவை. காப்பிப்பழம் பறிக்கும் பருவத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவது மட்டும் கூடாது. 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம், 2023 ஆகஸ்ட்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு இது ஒரு பெரிய பாரத்தைக் குறைக்கிறது.

முதலில் புல், பிறகு மாடு

ஆரம்பக்காரர்கள் செய்யும் அவசரம், வீடு முடிந்த கையோடு மாடு பிடித்து வருவது. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 15 முதல் 20 கிலோ பசுந்தீவனம் வேண்டும். கம்பு நேப்பியர் கரணை நட்டால் முதல் அறுப்புக்கு 75 முதல் 80 நாள். பிறகு 45 நாளுக்கு ஒரு அறுப்பு. வரப்பிலும் சரிவின் விளிம்பிலும் நட்டால் மண்ணையும் பிடித்துக்கொள்ளும். கோடையில் இந்த மலையில் புல் குறையும். எனவே, முதல் வருஷம் புல்லை நட்டு, ஒரு கோடையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டு, இரண்டாம் வருஷம் மாடு வாங்குவது நிதானமான வழி. மாடு வந்தால் பாலைவிடப் பெரிய லாபம் சாணம். காப்பிக் குழிக்கும் காய்கறிப் பாத்திக்கும் வெளியிலிருந்து எரு ஏற்றிவரும் வண்டி வாடகை மிச்சம். 6 மாதத்துக்கு ஒரு முறை கோமாரித் தடுப்பூசியை மறக்கக் கூடாது.

நாட்டுக்கோழியிலும் கணக்கு வேண்டும். ஒரு நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். 10 கோழி இருந்தால் தினம் 10 முட்டை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சராசரியாக 2 முட்டைதான் வரும். அடைக்கு வைத்தால் அதுவும் குறையும். ஆனால், 21 நாளில் பொரிக்கும் குஞ்சுகள் சேவலாகவும் விடையாகவும் வளர்ந்து விற்பனைக்கு வரும்போதுதான் நாட்டுக்கோழியில் உண்மையான காசு. அந்தக் காசை ஒரே வாரத்தில் அழிக்கக்கூடியது வெள்ளைக்கழிச்சல். குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-வது வாரம் தடுப்பூசி. இரண்டும் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் கிடைக்கும். மலைக் குளிரில் இளங்குஞ்சுகளுக்கு முதல் 3 வாரம் இரவில் கதகதப்பு அவசியம்.

ஆடு? காப்பி நாற்று இடுப்பளவு வளரும்வரை வேண்டாம். ஒரு மாலை நேரத்தில் அவிழ்ந்துவிட்ட ஆடு, ஒரு வருஷ உழைப்பை மேய்ந்துவிடும்.

வருஷத்தின் நடை

பங்குனி, சித்திரையில் பெய்யும் மழையில்தான் காப்பி பூக்கும். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா. ஏற்காட்டில் கோடைக் கூட்டம். கீரை, பழம், முட்டைக்கு உள்ளூரிலேயே விலை கிடைக்கும் காலம் இது. ஆனி, ஆடியில் காப்பி, மிளகு நடவும் சாமை விதைப்பும். புரட்டாசி, ஐப்பசியில் அடைமழை. வடிகால் பார்க்கும் வேலை. கார்த்திகை முதல் தை வரை காப்பிப்பழம் பறிப்பு. தை, மாசியில் மிளகு.

காப்பிப்பழத்தை ஒரே தடவையில் உருவக் கூடாது. சிவந்ததை மட்டும் 3, 4 தடவையாகப் பறித்தால் தரம் நிற்கும். தோல் நீக்க இயந்திரம் இல்லாதவர்கள் பழத்தை அப்படியே செர்ரியாகக் காயவைக்கலாம். மண் தரையில் அல்லாமல் சிமென்ட் களத்திலோ தார்ப்பாயிலோ 12 முதல் 15 நாள் வெயில். இரவில் மூடிவைக்க வேண்டும். சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ காப்பிக் கொட்டை தேறும். மிளகில் 100 கிலோ பச்சைக்கு 33 கிலோ காய்ந்த மிளகு. வியாபாரி விலை சொல்லும்போது எந்த எடைக்குச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

காட்டெருமை வந்தால்

ஏற்காட்டுப் பக்கம் காட்டெருமைகள் தோட்டத்துக்குள் இறங்குவது புதிதல்ல. வேலியில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டெருமை முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைவிட, அந்தக் கம்பியில் மாட்டுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். வாழையையும் தீவனப்புல்லையும் காட்டோரத்தில் நடாமல் வீட்டுப் பக்கமாக நடுவது, மாலைக்குப் பிறகு பிள்ளைகளைத் தனியாகத் தோட்டத்துக்கு அனுப்பாமல் இருப்பது, சேதமானால் போட்டோ எடுத்து வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனு கொடுப்பது ஆகியவை நம் கையில் உள்ளவை.

புதுத் தோட்டக்காரர்கள் வழக்கமாகக் கேட்பவை

கேள்வி: நிழலைக் குறைத்தால் காப்பி அதிகம் காய்க்குமா?

பதில்: அளவாகக் கவாத்து செய்யலாம், மொட்டையாக்கக் கூடாது. அராபிகாவின் பெரிய எதிரியான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு, வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டு வெளிவரும். அதற்கு முன்பே தண்டின் உரிந்த பட்டையைத் தேங்காய் நார் கையுறையால் தேய்த்து எடுத்துவிட்டால், முட்டையிட இடுக்கு இருக்காது.

கேள்வி: துளைப்பான் தாக்கி வாடிய செடியை விறகுக்கு அடுக்கி வைக்கலாமா?

பதில்: கூடாது. தண்டுக்குள் இருக்கும் புழு, விறகுக் கட்டிலிருந்தே வண்டாக வெளியே வந்து தோட்டத்துக்குப் பறக்கும். பிடுங்கிய கையோடு எரித்துவிட வேண்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் மிளகுக்கொடி திடீரென்று வாடுகிறது. என்ன செய்வது?

பதில்: வேரில் தண்ணீர் நின்றால் வாடல் நோய் வரும். முதலில் வடிகால். மழைக்கு முன்பு ஒரு முறையும், ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு முறையும் 1 சதவிகித போர்டோ கலவை தெளிக்கலாம். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரம் நல்லது. கலவையில் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே வறுத்து அரைத்த காப்பித்தூளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கலாமா?

பதில்: விற்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, பாக்கெட்டில் பதிவு எண், தயாரித்த தேதி, எடை அச்சிட வேண்டும். பச்சைக் காய்கறிக்குச் சேலத்து உழவர் சந்தைகளும் உண்டு; அடையாள அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கீழே சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம். காப்பி ரகம், நாற்று பற்றிக் காப்பி வாரிய விரிவாக்க அலுவலர்களைக் கேட்கலாம். விவசாயிகள் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551.

முதல் நாளே ஒரு நோட்டு

குடியேறிய முதல் நாளே ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, சமையல்கட்டு ஆணியில் மாட்டி வைக்கலாம். கடையில் வாங்கியது ஒரு பக்கம். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்தது மறுபக்கம். விற்ற 12 முட்டையை எழுதுவதுபோல, பிள்ளைகள் சாப்பிட்ட 20 முட்டையையும் எழுத வேண்டும். எழுதுவதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். மாதக் கடைசியில் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தால், எந்தப் பாத்தி சோறு போடுகிறது, எது வேலையை மட்டும் வாங்குகிறது என்பது தெரியும். அடுத்த விதைப்பை அதை வைத்து முடிவு செய்யலாம்.

கடையில் வாங்கும் பக்கம் மாதாமாதம் சுருங்கிக்கொண்டு வந்தால், மீதி 600 காப்பி நாற்றையும் தைரியமாக நடலாம். சுருங்கவில்லை என்றால், இன்னும் ஒரு வருஷம் காய்கறியிலும் கோழியிலும் கவனம் வைத்துவிட்டு நடுவது நல்லது. ஒரு வருஷம் தள்ளி நட்டாலும் காப்பி காய்க்கும். கடன் சேர்ந்த பிறகு நிலத்தை மீட்பதுதான் கஷ்டம்.